பன்னிரண்டாவது நோயாளி

"அவன்தான் தள்ளிவிட்டான். எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

ரேடியோ எழுதிக்கொள்ளவில்லை. முதல் காரணம், அவனிடம் பேனா இல்லை. இரண்டாவது காரணம், பக்கத்தில் நின்ற மேடம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. மூன்று வருடம் வேனில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மெத்தை விற்றவன். மைக் போய்விட்டது, வாய் போகவில்லை. நாற்பது வயதில் துப்பறியும் ஆபீஸில் உதவியாளனாகச் சேர்ந்தான். அந்த ஆபீஸின் ஒரே முதலாளி, ஒரே துப்பறிவாளர், ஒரே கணக்குப்பிள்ளை எல்லாம் மேடம்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் கிளெய்ம் விசாரித்துவிட்டு வந்தவர். பொய் சொல்கிறவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பாதி சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

அக்கா இவர்கள் ஆபீஸுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். காலை பத்தரைக்குக் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடிவந்து, "என் தங்கச்சி மண்டையில அடிபட்டுக் கிடக்கா" என்றாள். இப்போது மணி பதினொன்று நாற்பது. மூவரும் ஆஸ்பத்திரியின் தலைக்காய வார்டு வாசலில் இருந்தார்கள். வராந்தாவின் அந்தக் கோடியில், ஒரு கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில், தங்கையின் கணவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். மூளையில ரத்தக்கட்டு வருதே, அதைப் பத்தி ஆராய்ச்சி பண்ற இடம். இவ நோயாளிங்களுக்குப் போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேப்பா. அவனுக்கு கம்ப்யூட்டர் வேலை. பத்து நாளா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காலையில ஒன்பதரைக்கு ஃபைல் ரூம்ல இவ விழுந்து கிடந்தா. முதல்ல பார்த்தது அவன். அந்த ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு இவகிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. போதுமா?"

"பேச்சுவார்த்தை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து வீட்டுக்குப் போயிருந்தேனே! ஹால்ல சோபாவுல உட்கார்ந்தபடியே தூங்கறா. பத்து நாளா அப்படித்தானாம். கட்டின பொண்டாட்டியை ரூமை விட்டே துரத்தியிருக்கான். ஆபீஸுக்கு எவ்வளவு டிரிம்மாப் போறவ தெரியுமா? வீட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போறா. என்னடின்னு கேட்டா, ஒண்ணுமில்லைக்காங்கறா."

அக்காவின் குரல் உடைந்தது. மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு வராந்தாவின் அந்தக் கோடிக்கு நடந்தார். ரேடியோ பின்னாலேயே போனான்.

"நான் தள்ளலை" என்றான் கணவன், யாரும் கேட்பதற்கு முன்பே. "ஃபைல் எடுக்கப் போனவ வரலைன்னு போய்ப் பார்த்தேன். கீழ் ரேக்குக்கு முன்னாடி கிடந்தா."

"பத்து நாளா பேசலையாமே?"

"பேசலை."

"ஏன்?"

அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "அது எங்க வீட்டு விஷயம்."

கான்ஸ்டபிள் ரேடியோவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று அர்த்தம்.

வார்டுக் கதவு திறந்தது. முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியபடி டாக்டரம்மா வெளியே வந்தார். தூக்கம் பார்த்து இரண்டு நாள் ஆன முகம்.

"நீங்க ரெண்டு பேரும் யாரு? சொந்தமா?"

"துப்பறியறவங்க" என்றான் ரேடியோ.

"நல்லதாப் போச்சு. எனக்கும் ஒண்ணு துப்பறிஞ்சு சொல்லுங்க. மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. நெத்தியில வீக்கமும் இருக்கு. விழுந்ததால கசிஞ்சுதா, கசிஞ்சதால விழுந்தாங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?"

"இல்லை. விழுந்து வந்த கசிவுன்னா, இப்ப நான் பண்றதுதான் வைத்தியம். உள்ள வேற ஏதாவது இருந்து அதனால விழுந்திருந்தா, நான் பண்றது வைத்தியம் இல்லை, வேடிக்கை பார்க்கறது. அதைக் கண்டுபிடிக்கற பெரிய ஸ்கேன் இங்க இல்லை. ஊருக்கு அந்தக் கோடியில பெரிய ஆஸ்பத்திரியில இருக்கு. இந்த நிலைமையில வண்டியில ஏத்தினா வழியிலேயே ஏதாவது ஆயிடலாம். சும்மா சந்தேகத்துக்கு ஏத்த மாட்டேன். ஒரு காரணம் கொடுங்க, ஏத்தறேன்."

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார் மேடம்.

டாக்டரம்மா தன் சுட்டுவிரலைப் பார்த்தார். "பத்து மணிக்கு இந்த விரலைக் கொடுத்தப்ப பிடிச்சாங்க. பதினொரு மணிக்குப் பிடிக்கலை."

ரேடியோவுக்குச் சொல்ல ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கினான்.

*

ஆராய்ச்சி நிலையம் என்றதும் ரேடியோ கண்ணாடிக் குடுவைகளையும் வெள்ளை எலிகளையும் எதிர்பார்த்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரு நீண்ட ஹால். எட்டு மேசை, எட்டு கம்ப்யூட்டர், எட்டு போன். ஒரு எலிகூட இல்லை.

தலைமை டாக்டர் எதிரே வந்தார். சின்ன உருவம், பெரிய சட்டை, பையில் நான்கு பேனா.

"பதினாலு ஆஸ்பத்திரியில வைத்தியம் எடுத்துக்கறவங்களை நாங்க போன்ல விசாரிக்கறோம்" என்றார். "மூளைக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாய் அடைச்சா எல்லாரும் கேள்விப்பட்ட பக்கவாதம். மூளையிலேர்ந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போற குழாய் அடைச்சா, அது எங்க விஷயம். மருந்தை எத்தனை மாசம் கொடுத்தாப் போதும்னு பார்க்கறோம். அதுக்குத் தினமும் தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டு எழுதணும்."

"தினமுமா? ஞாயித்துக்கிழமை?"

"தலைவலிக்கு லீவு உண்டா?"

ரேடியோ முதல் தடவையாக ஒருவரிடம் தோற்றான்.

மேடம் எங்கே போனாலும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தார். விழுந்து கிடந்த தங்கையின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஆபீஸில் எல்லோரும் அவளைப் போன் அக்கா என்றுதான் சொன்னார்கள். மேசைக்குக் கீழே மூன்று இழுப்பறை. மேலே உள்ளது பிதுங்கி வழிந்தது. நடுவிலும் கீழேயும் ஒன்றுமே இல்லை. ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், டப்பா, துண்டு எல்லாம் மேசைமேல் கடை பரப்பியிருந்தன. மேசைக்கடியில் லேஸ் வைத்த கறுப்பு ஷூ ஒரு ஜோடி, அதன்மேல் ஒரு விரல் தூசி.

"அடுக்கி வைக்கத் தெரியாதவங்க போல" என்றான் ரேடியோ.

"ஐயோ, அவங்க மாதிரி யாரும் அடுக்க முடியாது" என்று பக்கத்து மேசைக்காரி திரும்பினாள். காலையிலிருந்து அழுத கண். "இந்த ஒரு வாரமாத்தான் இப்படி. ஃபைல் கீழே விழுந்தாக்கூட காலாலேயே தள்ளி வெச்சிடுவாங்க. வீட்டுல சண்டை, மனசு சரியில்லைன்னு நாங்க ஒண்ணும் கேட்டுக்கலை."

மேடம் மேசையில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு போனுக்கும் ஒரு டிக். நோட்டை ரேடியோவிடம் தள்ளினார்.

"எண்ணு."

ரேடியோ எண்ணினான். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. ஒரு பக்கம் தாண்டியதும் நின்றான். "மேடம், இங்கேர்ந்து பன்னிரண்டா ஆகுது."

"எத்தனை நாளா?"

"நேத்தோட எட்டு நாள்."

பக்கத்து மேசைக்காரி போனின் கணக்கைத் திரையில் எடுத்துக் காட்டினாள். ஒரு நாளைக்குப் பதினோரு அழைப்புதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப பன்னிரண்டாவது நோயாளி போன்ல இல்லை" என்றான் ரேடியோ. குரல் தாழ்ந்து, மெத்தை விற்ற காலத்து ரகசியக் குரலாகியது. "நேர்ல வர்ற ஆளு. தினமும். புருஷனுக்குத் தெரியாம. பத்து நாளா பேச்சு இல்லாததுக்குக் காரணம் கிடைச்சிருச்சு மேடம்."

"இங்க நோயாளிங்களை உள்ள விடவே மாட்டாங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி, கோபமாக. "அக்காவைப் பத்தி அப்படியெல்லாம் பேசாதீங்க."

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ பாதி சரி" என்றார் மேடம். "டிக்கை நல்லாப் பாரு. பதினொண்ணு பேனாவுல, ஒண்ணு பென்சில்ல. பென்சில் டிக் கடைசியில இல்லை. ஒவ்வொரு வரியிலும் முதல்ல இருக்கு. போன் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆளை முடிச்சிடறாங்க. இன்னைக்கு வரியில என்ன இருக்கு?"

இன்றைய வரியில் ஒரே ஒரு டிக். பென்சில்.

விழுவதற்கு முன்பு அவள் கடைசியாக விசாரித்த ஆள் அவன்தான். அல்லது அவள். ரேடியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று பத்து. அந்த வார்டில் அந்த விரலை மறுபடி யாராவது நீட்டிப் பார்த்திருப்பார்களா என்று நினைத்தான். நினைப்பதைத் தவிர அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

*

மேடம் எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசல் பக்கச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. மேலே 'இன்றைய நோயாளி' என்று அழகான கையெழுத்து. கீழே வெற்றிடம்.

"இது என்ன?"

பக்கத்து மேசைக்காரி தயங்கினாள். "விளையாட்டு. இங்க வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும் முதல் மாசம் ஒரு பயம் வரும். நாள் பூரா தலைவலியைப் பத்தியே கேட்டுக் கேட்டு, நம்ம தலை கொஞ்சம் வலிச்சாலும் அதேதான்னு தோணும். டாக்டர்கிட்ட ஓடுவோம். அதனால யாராவது தலைவலின்னு சொன்னா அவங்க பேரை இதுல எழுதிடுவோம். நாள் பூரா எல்லாரும் வந்து நலம் விசாரிப்பாங்க. சிரிச்சுச் சிரிச்சே பயம் போயிடும்."

"யாரோட ஐடியா?"

"போன் அக்காதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சாங்க."

மேடம் பலகையை உற்றுப் பார்த்தார். துடைத்த எழுத்துகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கடைசியாக எழுதியது மட்டும் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. போன் அக்கா.

"இது எப்ப எழுதினது?"

"பத்து நாள் இருக்கும். அன்னைக்கு எல்லாரும் ஒரே சிரிப்பு. விளையாட்டை ஆரம்பிச்சவங்களே மாட்டிக்கிட்டாங்கன்னு. அவங்க மட்டும் சிரிக்கலை."

மேடம் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார். தலைமை டாக்டர் கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் நோயாளிகளின் எண் பட்டியல் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்.

"பட்டியல் ஒண்ணுல ஆரம்பிக்கலையே, பூஜ்யத்துல ஆரம்பிக்குது. பூஜ்யம் யாரு?"

"அது ஆளே இல்லைங்க" என்றார் தலைமை டாக்டர். "புதுசா வர்றவங்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லித்தர்றதுக்காக வெச்ச பொய் எண். கண்டதையும் எழுதிப் பழகுவாங்க. அது நிஜக் கணக்கோட கலந்துடக் கூடாது. அதனால தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு அழிச்சிடுவோம்."

"கடைசியா எப்ப புது ஆள் சேர்ந்தாங்க?"

"நாலு மாசம் முன்னாடி."

"திறங்க."

பூஜ்யத்தில் ஒரு பதிவு இருந்தது. இன்றைய தேதி. காலை எட்டு ஐம்பது.

தலைமை டாக்டர் படிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி அவசரமாக. மூன்றாவது வரியில் வேகம் குறைந்தது. "வலி எவ்வளவு, பத்துக்கு ஒன்பது. படுத்தால் அதிகமா, ஆமாம். உட்கார்ந்தே தூங்குகிறேன். குனிந்தால், கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஷூ லேஸ் கட்ட முடியவில்லை." நிறுத்தினார். நான்கு பேனாவும் பையிலிருந்து நழுவித் தரையில் உருண்டன. அவர் எடுக்கவில்லை.

ரேடியோ மேசைக்கடியில் தூசி படிந்த ஷூவைப் பார்த்தான். காலியான கீழ் இழுப்பறைகளைப் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்தபடி தூங்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டான். யாரும் அவளை ரூமை விட்டுத் துரத்தவில்லை. படுத்தால் தலை வெடிக்கிறது, அதனால் உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவளும் பார்த்தாள், கூட வேலை செய்கிறவர்களும் பார்த்தார்கள். எல்லோரும் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"பழசைப் பார்க்க முடியுமா?" என்றார் மேடம்.

"முடியும். ஆராய்ச்சியில எதையும் நிஜமா அழிக்க விட மாட்டாங்க. திரையிலேர்ந்துதான் போகும். யார் எழுதினது, யார் அழிச்சதுன்னு உள்ள ஒரு பதிவு இருக்கும்." அவர் தேடி எடுத்தார். எட்டு நாள், எட்டுப் பதிவு. வலி மூன்று, நான்கு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஏழு, எட்டு.

"என் ஹால்லேயே" என்றார் அவர். "நாலாயிரம் பேரோட தலைவலியை எண்ணி வெச்சிருக்கேன். என் கண் முன்னாடி ஒன்பது நாள். ஒரு மாணவன் இதைப் படிச்சுட்டு என்ன நோய்னு சொல்லலைன்னா ஃபெயில் போட்டுடுவேன்."

"பிறகு வருத்தப்படலாம் டாக்டர். முதல்ல போன்."

ரேடியோ ஏற்கெனவே ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தியிருந்தான். தலைமை டாக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தலைக்காயம் இல்லை. சிரையில ரத்தக்கட்டு. ஒன்பது நாளா வளர்ந்திருக்கு. வாஷ்பேசின்ல தண்ணி போற குழாய் அடைச்ச மாதிரி, போக வழி இல்லாம நிரம்பி வழிஞ்சதுதான் அந்தக் கசிவு. ஆமா, தெரியும். ரத்தம் கசியும்போதே ரத்தத்தை இளக்கற மருந்து கொடுக்கணும். கேக்கறதுக்குப் பைத்தியக்காரத்தனமா இருக்கும். ஆனா அதுதான் வைத்தியம். படம் எடுத்துப் பார்த்துட்டுக் கொடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் வந்துடறேன்."

 மறுமுனையில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "ஏத்தறேன்."

மணி ஒன்று ஐம்பது. தலைமை டாக்டர் மாடிப்படியில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

*

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றான் ரேடியோ. "குற்றவாளியே கிடையாது. யாரும் யாரையும் தள்ளலை. நமக்கு இப்படி ஒரு கேஸ் வந்ததே இல்லை."

மேடம் திரையை விட்டு நகரவில்லை. "ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா பலகையில பேர் வந்துடும். அதுவரைக்கும் சரி. ஆனா எதுக்குப் பூஜ்யத்துல எழுதணும்? சொந்தமா ஒரு டைரியில எழுதலாமே?"

"பழக்க தோஷம்."

"தினமும் அழியப்போகுதுன்னு தெரிஞ்சே எழுதறாங்க." மேடம் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்தார். "அஞ்சரைக்கு அழிக்கறது யாரு?"

"அவங்க வீட்டுக்காரர்தான். அவர் போனுக்குத் தினமும் ஒரு கேள்வி வரும். பூஜ்யத்துல இத்தனை பதிவு இருக்கு, அழிக்கவான்னு. ஆம்னு அழுத்தற வரைக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுட்டே இருக்கும். அவரே எழுதின புரோகிராம்."

"என் மாமியாரும் அப்படித்தான்" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரிக்கவில்லை.

"பலகையில இவங்க பேரை எழுதினது யாரு?"

பக்கத்து மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அவர்தான். முந்தின நாள் வீட்டுல தலை வலிக்குதுன்னு இவங்க சொல்லியிருக்காங்க. காலையில வந்ததும் வராததுமா எழுதிட்டார். தமாஷுக்குத்தான். அன்னையிலேர்ந்துதான் இவங்க அவரோட பேசலை."

மேடம் திரையின் கீழ்ப்பகுதிக்குப் போனார். படிவத்தின் கடைசிக் கேள்வி அங்கே இருந்தது. வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? அதற்கு எழுதியிருந்த பதிலைப் படித்தார். ரேடியோ எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"என்ன மேடம்?"

"இது நமக்கு எழுதினது இல்லை" என்றார். எழுந்து பையைத் தோளில் மாட்டினார். இருபது வருடம் பொய் கிளெய்ம்களைப் பிடித்த அந்த முகத்தில் ரேடியோ இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. என்ன செய்வதென்று மேடத்துக்கே தெரியவில்லை.

*

பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில் வராந்தா அகலமாக இருந்தது. நாற்காலிகள் புதிது. அந்த வித்தியாசத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வழியில் ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தது. தலைமை டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நீளத்தில். மூன்றரைக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. கான்ஸ்டபிள் நாலு மணிக்கு, "அப்ப நான் வரேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து தலைமை டாக்டர் வந்தார். அக்கா எழுந்து நின்றாள். கணவனும் எழுந்தான்.

"மருந்து ஏறுது. மத்தபடி..." கையை விரித்தார். "விரலைப் பிடிக்கலை. இன்னும் பிடிக்கலை."

"பிழைச்சுடுவாளா?" என்றாள் அக்கா.

"எத்தனை பேர் எழுந்து நடந்தாங்க, எத்தனை பேர் நடக்கலைன்னு என்கிட்ட கணக்கு இருக்கும்மா. இருபத்திரண்டு வருஷக் கணக்கு. இவங்க எந்தப் பக்கம்னு அது சொல்லாது. காத்திருக்கணும்."

அவர் உள்ளே போய்விட்டார். அக்கா உட்கார்ந்தாள். ஒரு நாற்காலி இடைவெளி விட்டுக் கணவன் உட்கார்ந்தான். காலையில் அவன்தான் தள்ளிவிட்டான் என்றவள், இப்போது அவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"நம்ம வேலை முடிஞ்சுதுல்ல மேடம், கிளம்பலாமா?" என்று ரேடியோ காதோடு கேட்டான்.

"முடிஞ்சுது" என்றார் மேடம். ஆனால் எழுந்திருக்கவில்லை.

கணவன் இவர்கள் பக்கம் திரும்பினான். "நன்றி சொல்லணும். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு யாருமே சொல்லலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை அவ. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரேடியோ மேடத்தைப் பார்த்தான்.  மேடம் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"எழுதி வெச்சிருந்தாங்க" என்றார் கடைசியில்.

"எங்க?"

அப்போது கணவனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ரேடியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து முப்பது. மேடம் எதற்காக எழுந்திருக்கவில்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

கணவன் போனை எடுத்தான். கட்டைவிரல் பழக்கத்தில் தானாகவே திரைக்குப் போயிற்று.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம். "அதை இன்னைக்குத் திறந்து பாருங்க."

அவன் அவரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். பூஜ்யத்தில் ஒரு பதிவு உள்ளது. அழிக்கவா?

"இதையா?" என்றான். "இது ஒண்ணுமில்லைங்க, பழகறவங்க எழுதறது. கொஞ்ச நாளா தினமும் ஒண்ணு ஒண்ணா வந்துட்டிருக்கு. யாரோ விளையாடறாங்கன்னு..."

சொல்லிக்கொண்டே திறந்தான். படிக்க ஆரம்பித்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. படுத்தால் அதிகம் என்ற இடத்தில் ஒருமுறை நின்றது. ஷூ லேஸ் என்ற இடத்தில் நின்றது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் அவனை அறியாமல் குரல் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடப் பிள்ளை வாசிப்பது போல வாசித்தான்.

"வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? தினமும் அஞ்சரைக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். எட்டு நாளா படிச்சுட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கலை. பரவாயில்லை. இன்னைக்குச் சாயங்காலம் நானே பேசிடறேன். தலை தாங்கலை."



"நான் படிக்கலை" என்றான் அவன், கண்ணாடிக் கதவைப் பார்த்து. "நான் படிக்கவே இல்லை. படிச்சிருந்தா கேட்டிருப்பேன்ல?" பிறகு மேடத்தைப் பார்த்தான். "படிச்சுட்டுத்தான் சும்மா இருக்கேன்னு நினைச்சுட்டாளே. அவ எழுந்ததும் சொல்லிடலாம் இல்லையா? படிக்கலைன்னு சொல்லிடலாம்ல?"

மேடம் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். ரேடியோ எழுந்து ஜன்னல் பக்கம் போனான். கீழே வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம்.

பின்னால் போன் மறுபடி அதிர்ந்தது. பூஜ்யத்தில் ஒரு பதிவு உள்ளது. அழிக்கவா? கணவன் 'இல்லை' என்று அழுத்தினான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டது. இல்லை என்றான். ஐந்து நாற்பத்தைந்துக்கும் இல்லை. அணைத்து வைத்துவிடலாம் என்று ரேடியோ சொல்ல நினைத்தான். புரோகிராம் எழுதியவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டான்.

ஐந்து ஐம்பதுக்குப் போன் கேட்டபோது அவன் விரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் தடுமாறியது. அக்கா அந்தக் காலி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்து, போனை அவன் கையிலிருந்து வாங்கி, தானே இல்லை என்று அழுத்தினாள்.